வெட்டு இல்லாத நாள்

ஐந்தாம் நாளாக மழை.
கித்தா மரமெல்லாம் ஈர முதுகோடு நிற்கின்றன,
மங்குகளில் பாலுக்குப் பதில் தண்ணீர்.
பெரட்டுக் களத்தில் கிராணி
குடைக்குள்ளிருந்தே கையை விரித்துவிட்டார்.
வெட்டு இல்லை. அன்றைய கூலியும் இல்லை.

டிசம்பர் எங்களுக்குக் குளிர்காலம்.
இதைச் சொன்னால் கோகிலவாணி டீச்சர் சிரிப்பார்,
பாடப்புத்தகத்தைத் திறந்து பனியைக் காட்டுவார்.
கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு
ஈர விறகை ஊதுகிறவளுக்கு
வேறு பெயர் தெரியவில்லை.

தவுக்கே அடுப்போரம் சுருண்டு கிடந்தது.
எங்கள் நாய்தான்.
தின்றதும் காலை நீட்டிக்கொண்டு
நாங்கள் வேலை செய்வதை மேற்பார்ப்பதால் வந்த பெயர்.
கடைக்கார ஆ ஹோக்குக்கு இது தெரியாது.
தெரிந்தாலும் எலும்பு போடுவதை நிறுத்தமாட்டார்.

ஆட்டுக்குட்டி அளவுதான் இருக்கும், ஆனால்
ஒன்பது வருஷம்
ஏழே காலுக்குத் தெற்கே போகும் ரயிலைத் துரத்தியது.
தண்டவாளக் கேட்டிலிருந்து சிவப்புத் தண்ணீர்த் தொட்டி வரை,
நாக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம்.
பிடித்ததே இல்லை.
அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.
போன தீபாவளிக்கு முந்தி, உர லாரி
பின்னங்கால் ஒன்றை வாங்கிக்கொண்டது.
அப்புறம் சத்தம் கேட்டால் எழும்,
மூன்று காலில் வாசல்வரை வரும்,
திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கை சும்மா இருக்கும் ஒருத்திக்கு
ஐந்தாம் நாள் மழையில்
என்னென்னவோ தோன்றும்.

பெக்கோக்கிலிருந்து குளுவாங்குக்குப்
போக வர அரைநாள் கூலி.
மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் பிரம்புக்கூடை,
மேலே பழைய சாரோங்.
நாய்க்கு ரயிலில் இடமில்லை என்று
போர்டு போட்டிருக்கிறதாம்.
எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது.

டிக்கெட் பார்க்கும் ரோஸ்லான்
கூடை அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
அது என்ன என்றார்.
நங்கா, என்றேன்.
சாரோங்குக்கு அடியில் பலாப்பழம் வாலாட்டியது.
அவர் ஓரடி பின்னால் நகர்ந்து,
கால்சட்டை நுனியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு,
கையை முழுக்க நீட்டி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.
"நன்றாகப் பழுத்துவிட்டது.
ஜன்னலோரம் வை,
வாடை வரும்."

கேட் வந்தது. தொட்டி வந்தது.
நடுவில் பதினோரு நொடி, எண்ணிப் பார்த்தேன்.
ஒன்பது வருஷ ஓட்டம் அவ்வளவுதான்.
"பாருடா, பாரு" என்று சாரோங்கை விலக்கினேன்.
தவுக்கே பார்க்கவில்லை.
பிரம்பில் ஊறியிருந்த கருவாட்டு வாசனையை
நக்கிக்கொண்டிருந்தது.

பாலோவில் யாரோ வாழைக்குலை ஏற்றினார்கள்.
செம்பனை, செம்பனை, பிறகு ஒரு சீனக் கல்லறை,
பிறகு தண்ணீருக்குள் கோல்போஸ்ட் மட்டும் தெரியும் ஒரு திடல்.
குளுவாங்கில் மழை இன்னும் பலம்.
ஊருக்குள் போகவில்லை.
ஸ்டேஷன் கூரைக்கடியிலேயே இருந்து
ஒரு கோப்பி, இரண்டு வாட்டிய ரொட்டி.
வெண்ணெய் தடவிய ஓரமெல்லாம் கூடைக்குள் போயிற்று.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு பட்டாளத்துப் பையன்.
கால் வைத்தியத்துக்கா அக்கா, என்றான்.
இல்லை.
யார் வீட்டுக்காவது?
இல்லை தம்பி, சும்மா ரயில் ஏற்றிக் காட்ட.
அவன் என்னைப் பார்த்தான், நாயைப் பார்த்தான்,
தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கூடையில் போட்டான்.
பெயர் குகனேசன் என்றான், நாயிடம்.

திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் தூக்கம்.

பெக்கோக்கில் இறங்கியபோது விளக்கு போட்டிருந்தார்கள்.
கூடையைச் சாய்த்து அதைத் தரையில் விட்டேன்.
உடம்பை ஒருமுறை உதறியது.
ரயில் ஊதியது, நகர்ந்தது.

அவ்வளவுதான்.
மூன்று காலில், மேடை முழுக்க,
ஈரத்தில் வழுக்கி, எழுந்து, குரைத்துக்கொண்டு,
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மறையும்வரை.

உனக்கு ரொட்டி கிடைத்தது இதற்குள்தானடா என்று
அதற்கு யார் சொல்வது.
நின்று மூச்சு வாங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தது,
விரட்டிவிட்டேன், கண்டாயா என்பதுபோல.

கண்டேன் கண்டேன், வா, என்றேன்.
வானம் இன்னும் கறுத்துத்தான் கிடந்தது.
நாளைக்கும் வெட்டு இருக்காது.